ஹெல்மெட் கண்ணாடியை எதனால் வெட்டுவது?

பள்ளியில் மறுநாள் காலை மாறுவேடப் போட்டி. மயிலாப்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில் விண்வெளி வீரரின் தலை மட்டும் தயாராகியிருக்கிறது. ஊதிய பலூனின் மேல் செய்தித்தாளும் மைதா பசையுமாக ஒட்டி, காய்ந்த பிறகு பலூனை உடைத்து எடுத்த கூடு. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, முகத்துக்கு நேரே ஒரு ஜன்னலும் அறுத்தாயிற்று. இனி அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும்.

முதலில் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய ஓஎச்பி ஷீட். கத்தரி வைத்ததும் சர்ரென்று ஓடுகிறது, ஆனால் மெலிசு. கூட்டில் ஒட்டினால் தொளதொளவென்று நிற்கிறது. அடுத்தது, நேம் போர்டு எழுதும் கடையில் கேட்டு வாங்கி வந்த 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டு. அதே கத்தரி, அதே கை. இரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் ‘டப்’. வரைந்த கோட்டைச் சட்டை செய்யாமல் ஒரு விரிசல் குறுக்கே பாய்ந்து, துண்டு இரண்டாகிவிட்டது.

இந்த ‘டப்’ பல வீடுகளில் கேட்கும் ஒலி. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23 இப்போது தேசிய விண்வெளி நாள், விண்வெளி வீரர் வேடத்துக்கு அது ஒரு சாக்கு. காமிக் கான் இந்தியா 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு, வந்தது. கதை மாந்தர்களின் கவசங்களை வீட்டிலேயே செய்து அணிபவர்கள் கூடும் இடம் அது. அட்டை, தெர்மோகோல், ஃபோம் ஷீட் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். கண்ணாடி மட்டும் கேட்காது. நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். அதுவும் ஒரே பிளாஸ்டிக் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று நான்கு பொருள்கள் கடைகளில் ஒரே அலமாரியில் நிற்கின்றன. எந்தக் கருவி சரி என்பதை நிர்ணயிப்பது தடிமனோ கத்தியின் கூர்மையோ மட்டுமல்ல. வெட்டுவாயின் நுனியில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதுதான்.

அந்த நுனியைப் புரிந்துகொள்ள தி. நகர் உஸ்மான் சாலையில் ஏதாவது ஒரு துணிக்கடைக்குள் நுழையலாம். ஜாக்கெட் துணி அளந்தவர் முழு அகலத்துக்கும் கத்தரி போட மாட்டார். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பு. நேர்கோட்டில் கிழியும். வெட்டு விழாத துணியை எவ்வளவு பலசாலி இழுத்தாலும் அப்படிக் கிழியாது. வெட்டு இல்லாதபோது இழுவிசையை எல்லா நூல்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெட்டு விழுந்ததும், அறுந்த நூல்களின் பங்கும் சேர்ந்து நுனியில் இருக்கும் ஒரு நூலின் தலையில் விழுகிறது. அது அறுந்தால் அடுத்தது. இப்படி விசை ஓரிடத்தில் குவிவதைத் தகைவுச் செறிவு என்கிறார்கள். தகைவு என்பது ஒரு பொருளுக்குள் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசை.

இதை முதலில் கணக்காகப் போட்டவர்கள் துணியை வைத்துப் போடவில்லை. ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் ஒரு தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று காட்டினார். 1913இல் இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கப்பல் கட்டுவோர் அவையில், துளை நீள்வட்டமாக ஒடுங்க ஒடுங்க அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும் என்று விளக்கினார். கூர்மையான விரிசல் என்பது மிக மிக ஒடுங்கிய நீள்வட்டம்தான். அதன் நுனியில் தகைவு நூறு மடங்கைக்கூடத் தாண்டலாம்.

அப்படியானால் மயிர்க்கோட்டுக் கீறல் விழுந்த எல்லாமே உடனே பிளந்துவிட வேண்டுமே? உலகம் அப்படி இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் கிரிஃபித் என்ற பொறியாளர். முதல் உலகப் போருக்குப் பின், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார். இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கு அது தாங்கும் பளு பெருகியது. சாதாரணக் கண்ணாடியின் பலவீனம் கண்ணாடியில் இல்லை, அதில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் நுண்விரிசல்களில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். விரிசல் வளர்வதற்கு அவர் போட்டது வீட்டு வரவு செலவு போன்ற ஒரு கணக்கு. விரிசல் ஓர் அடி முன்னே வைக்க, புதிதாக இரண்டு பரப்புகளைத் திறக்க வேண்டும், அது செலவு. வளைந்து விறைத்து நிற்கும் தகடு தளர்வதால் ஆற்றல் கிடைக்கிறது, அது வரவு. வரவு செலவை மிஞ்சினால் விரிசல் ஓடும். இல்லையென்றால் நின்ற இடத்தில் நிற்கும். 1921இல் அச்சான அந்தக் கட்டுரையிலிருந்துதான் முறிவு இயக்கவியல் என்ற துறை வளர்ந்தது.

சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினால், ‘டப்’ என்ற ஒலிக்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கத்தரியின் இரு அலகுகளும் இரண்டு ஆப்புகள். ஓஎச்பி ஷீட்டின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், வெட்டுப்பட்ட பகுதி அலகுக்கு வழிவிட்டு மெத்தென்று வளைந்துகொள்ளும். 2 மில்லிமீட்டர் தகடு வளைந்து கொடுக்காது. அலகு அதை விரித்துப் பிடிக்க, வில் நாண்போல் ஆற்றல் சேர்கிறது. வரவு ஏறிக்கொண்டே போகிறது. அக்ரிலிக்கில் செலவோ மிகக் குறைவு.

பாலிகார்பனேட் என்ற இன்னொரு தகட்டில் அதே செலவு மிக அதிகம். தட்டி உடைத்துப் பார்க்கும் சோதனைகளில் அது அக்ரிலிக்கைவிடப் பல பத்து மடங்கு ஆற்றலை விழுங்குகிறது. இரண்டும் தெளிவானவை, எடையிலும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பிளாஸ்டிக் என்பது பலபடி. ஒற்றைப்படிகள் எனப்படும் சின்ன மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கோத்த சரம். கபாலி கோயில் வாசலில் கட்டி விற்கும் மல்லிகைச் சரங்களை ஒரு கூடையில் திணித்தாற்போல இந்தச் சரங்கள் பின்னிக் கிடக்கின்றன. சூட்டில் அவை நெளிந்து வழுக்கும். ஆறியதும் அப்படியே உறையும். பாகு காய்ச்சிய கைகளுக்கு இது தெரிந்த விஷயம். சூடாக இருக்கும் வெல்லப்பாகு இழுத்தால் நீளும். ஆறிக் கமர்கட்டானால் பல்லில் ‘கடுக்’ என்று உடையும். பொருள் ஒன்றுதான், பதம் மாறிவிட்டது. பிளாஸ்டிக்கில் இந்தப் பதமாற்றத்துக்குக் கண்ணாடி நிலைமாற்றம் என்று பெயர். அக்ரிலிக்குக்கு அது சுமார் 105 டிகிரி செல்சியஸ், பாலிகார்பனேட்டுக்கு 147 டிகிரி வாக்கில். ஆகவே கத்திரி வெயிலிலும்கூட இரண்டும் கமர்கட்டுப் பதத்தில்தான் இருக்கின்றன.

அங்கேதான் ஒரு நுட்பம். பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தை மாலை நேரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரும் நின்ற இடத்திலிருந்து நகர முடியாது. ஆனால் தோளைத் திருப்பலாம், முழங்கையை மடக்கலாம். பிரேக் போட்டால் கூட்டம் மொத்தமாக இந்த அசைவுகளால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாலிகார்பனேட் சரங்கள் அப்படிப்பட்ட பயணிகள். சரம் முழுதாக நகராவிட்டாலும் அதன் சிறு பகுதிகளின் அசைவு மைனஸ் 100 டிகிரி வரை அடங்குவதில்லை. விரிசலின் நுனியில் விசை குவியும்போது அந்த இடம் நெகிழ்ந்து மழுங்கிவிடுகிறது. நுனி மழுங்கினால் செறிவு குறைகிறது. அக்ரிலிக் சரங்களின் பக்கவாட்டில் பருத்த கிளைகள் முட்டிக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு இந்த இடவசதி குறைவு. அவை மெல்லிய வெண்கீற்றுகளாகப் பிளந்து, பிறகு முறிகின்றன.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உள்விவகாரம் ஆயிற்றே, எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கண்ணால் காணவே ஒரு வழி உண்டு. விசைக்கு உள்ளான கண்ணாடி ஒளியைத் திசைக்கேற்ப வேறுவேறு வேகத்தில் கடத்துகிறது என்பதை 1815 வாக்கிலேயே ஸ்காட்லாந்து அறிஞர் புரூஸ்டர் கண்டுபிடித்தார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அதாவது தளவிளைவுற்ற ஒளியை, அப்படிப்பட்ட தகட்டின் வழியே அனுப்பி இன்னொரு தளவிளைவு வடிகட்டி வழியாகப் பார்த்தால் வானவில் பட்டைகள் தெரியும். பட்டைகள் நெருங்குகிற இடத்தில் தகைவு செங்குத்தாக ஏறுகிறது. வரைபடத்தில் மலைச்சரிவுக் கோடுகள் நெருங்குவதைப் போல. ஒளிமீள்மை எனப்படும் இந்தக் கலையைக் கணினியோடு இணைத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் அடையாறை அடுத்த ஐஐடி மெட்ராஸின் பயன்பாட்டு இயக்கவியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் கே. ரமேஷ். எண்முறை ஒளிமீள்மை பற்றிய அவருடைய நூல் 2000இல் வெளியானது. முறிவு இயக்கவியல் குறித்த அவருடைய என்பிடெல் இணையப் பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு சிறு பதிப்பு செய்து பார்க்கலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையை முழு வெள்ளையாக்குங்கள். போலராய்டு கூலிங் கிளாஸை அணிந்து, திரை இருளாகத் தெரியும்வரை தலையைச் சாய்த்து, நடுவில் பழைய சிடி பெட்டியையோ ஒளிபுகும் ஸ்கேலையோ பிடியுங்கள். துளைகளையும் மூலைகளையும் சுற்றி நிறங்கள் நெருக்கியடிப்பதைப் பார்க்கலாம். வார்ப்பில் உறைந்துபோன தகைவு அது. லேசாக வளைத்தால் பட்டைகள் நகரும். பாலிகார்பனேட் இந்த நிறங்களைத் தாராளமாகக் காட்டும். அக்ரிலிக் கஞ்சத்தனமாகத்தான் காட்டும். ஒரு குழந்தைக்கு இயற்பியலின் மேல் ஆசை வர இந்த ஐந்து நிமிடம் போதும்.

இனி கருவிகளுக்கு வரலாம். அரை மில்லிமீட்டர் வரையுள்ள பெட் அல்லது பெட்ஜி தகடு என்றால் கத்தரிதான் சிறந்தது. பெட் என்பது குடிநீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். பெட்ஜி அதன் இன்னும் நெகிழ்வான உறவு. 2020இல் கொரோனா பரவியபோது நாடெங்கும் முகத்துக்கு முன் மாட்டும் தெளிந்த தடுப்புகளாக வெட்டப்பட்டவை பெரும்பாலும் இந்த வகை மெல்லிய தகடுகளே. வெட்டும்போது கத்தரியை நுனிவரை மூடக் கூடாது. ஒவ்வொரு முறை நுனி மூடும்போதும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல் விழும். அது துணிக்கடைக்காரரின் அந்தச் சின்ன வெட்டுக்குச் சமம். முக்கால் பங்கு மூடி, தகட்டை முன்னே தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும்.

அக்ரிலிக்கில் நேர்கோடு வேண்டுமென்றால் விரிசலோடு சண்டை போடாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். போர்டு கடைகளில் உடைந்த ஆக்சா பிளேடைக் கொக்கிபோல் தேய்த்து வைத்திருப்பார்கள். இரும்பு ஸ்கேல் ஓரமாக அதை எட்டு பத்து முறை இழுத்துக் கீறி, கீறலை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் ஒரே ஒடி. ஜன்னல் கண்ணாடி அறுப்பவர் செய்வதும் இதே. கீறல்தான் விரிசலுக்குப் போட்டுக் கொடுக்கும் பாதை. ஆனால் இந்தப் பாதை நேராகத்தான் போகும். ஹெல்மெட் ஜன்னலின் வளைந்த ஓரத்துக்கு உதவாது. பாலிகார்பனேட்டில் இந்த வித்தை பலிக்கவே பலிக்காது. கீறின இடத்தில் அது மடங்கி நின்று சிரிக்கும்.

வளைவுக்கு ரம்பம் வேண்டும். ஜிக்சா மிஷினோ கையால் இழுக்கும் நுண்பல் ரம்பமோ எதுவானாலும் சரி. இங்கே எதிரி விரிசல் மட்டுமல்ல, சூடும்தான். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பிளாஸ்டிக் கடத்துகிறது. பல்லின் உரசலில் பிறக்கும் சூடு எங்கும் போகாமல் வெட்டிலேயே தங்குகிறது. வேகமாக ஓட்டினால் வெட்டுவாய் உருகி, பிளேடு கடந்ததும் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுத்து முடித்த பிறகும் துண்டு பிரியாமல் இருப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. வேகத்தைக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு, தகட்டை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து அறுக்க வேண்டும். பிடிக்காத தகடு படபடக்கும். ஒவ்வொரு படபடப்பும் விரிசலின் கணக்கில் ஒரு வரவு. துளை போடுவதும் இப்படித்தான். இரும்புக்கான டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்வித் தூக்கும். அடியில் ஒரு கட்டையை ஒட்ட வைத்தால் அந்த விபத்து பெருமளவு தவிரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அக்ரிலிக் சில்லு கூரானது.

லேசர் கட்டிங் கடைக்குப் போனால் எல்லாம் சுலபம் என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் மிக அழகான புதிர் காத்திருக்கிறது. ஒளி ஊடுருவிச் செல்லும் பொருளை ஒளியால் எப்படி வெட்டுவது? அந்தக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டையாக்சைடு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது அது. அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். நம் பார்வைக்குத் திறந்த ஜன்னலாக இருக்கும் அக்ரிலிக் அந்த ஒளிக்குச் செங்கல் சுவர். ஒளி முழுதும் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. சூடேறிய அக்ரிலிக் சரம் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது: முடிச்சு தளர்ந்த பூச்சரம்போல் நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்ந்து, பெரும்பாலும் தான் எதிலிருந்து பிறந்ததோ அந்த ஒற்றைப்படியாகவே ஆவியாகிறது. கரி மிஞ்சுவதில்லை. ஓரம் மெருகேற்றினாற்போல் பளபளக்கிறது. லேசர் கடையில் மூக்கைத் துளைக்கும் நெடியும் பல்செட் செய்யும் கூடங்களில் வரும் நெடியும் இந்த ஒற்றைப்படியினுடையவைதான்.

பாலிகார்பனேட் இப்படி உதிராது. அதன் சரத்தில் பென்சீன் வளையங்கள் இருப்பதால் பழுப்பேறிக் கரிகிறது. அதை ரம்பத்துக்கோ தகடு வெட்டும் கத்தரிக்கோ விட்டுவிடுவது நல்லது. மேசை விரிப்பாக விற்கும் தெளிந்த பிவிசி ஷீட்டை லேசரில் வைக்கவே கூடாது. அதிலுள்ள குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும். எந்தத் தகடு என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால், ஓரத்தில் விரல் அகலத் துண்டை அறுத்து, துணியில் சுற்றி மடித்துப் பாருங்கள். ஒடிந்தால் பெரும்பாலும் அக்ரிலிக். மடங்கினால் பாலிகார்பனேட், பெட்ஜி அல்லது பிவிசி. மடங்கும் தகட்டின் பெயர் உறுதியாகத் தெரியும்வரை அதை லேசர் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

வெட்டியதை வளைத்துப் பொருத்தும்போது தடிமன் மறுபடி பேசுகிறது. குழந்தையின் ஹெல்மெட்டுக்கு வளைவின் ஆரம் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் தகட்டின் வெளித்தோல் அதில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீள்கிறது. 3 மில்லிமீட்டர் தகடானால் நூற்றுக்கு ஒன்றேகால். சிறியதாகத் தோன்றும், ஆனால் அறைச் சூட்டில் வளைத்து நிறுத்தும் அக்ரிலிக்குக்கு ஆரம் தடிமனைப் போல் 200 மடங்குக்காவது மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். 3 மில்லிமீட்டருக்கு அது 60 சென்டிமீட்டர். ஹெல்மெட்டில் அதற்கு இடமேது? வளைவும் ஒரு திசையில்தான் சாத்தியம். பனை ஓலையைச் சுருட்டலாம். கொட்டாங்கச்சிபோல் குவிக்க முடியாது. குமிழ்போல் வேண்டுமென்றால் சூடாக்கி அச்சில்தான் இழுக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் கிடந்த பாலிகார்பனேட்டை உலர்த்தாமல் சூடாக்கினால், உள்ளே ஊறிய நீர் ஆவியாகி வடாம் பொரிவதுபோல் கொப்புளங்கள் கிளம்பும். நிலவில் நடந்த அப்போலோ வீரர்களின் குமிழ்வடிவக் காற்றழுத்தக் கவசமும் பாலிகார்பனேட்தான்.

வெட்டி, வளைத்து, மாட்டிய பிறகும் விரிசலின் கதை முடிவதில்லை. வளைந்து நிற்கும் அக்ரிலிக்கைச் சானிட்டைசரால் துடைத்தால், ஆல்கஹால் தகைவுள்ள இடங்களில் புகுந்து மெல்லிய வலைக்கோடுகளை உண்டாக்கும். கொரோனா காலத்தில் கடைக் கல்லாக்களின் முன் நிறுத்திய தடுப்புகளை அப்படித் துடைத்த இடங்களில் இது நடந்தது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

வீட்டில் செய்த இந்தக் கண்ணாடி மேடைக்கு மட்டுமே. இருசக்கர வண்டியில் அணியும் ஹெல்மெட்டில் இதை மாட்ட வேண்டாம். அங்கே ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதுதான் வேண்டும். நாளைக் காலை போட்டி என்றால் அரை மில்லிமீட்டர் பெட்ஜி ஷீட், நல்ல கத்தரி, ஓரத்தைத் தேய்க்க உப்புத்தாள் மூன்றும் போதும். நாள் இருக்கிறது, லேசர் கடைக்கே போகலாம் என்றால், தாளில் வரையும்போதே ஜன்னலின் உள்மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமாக வரைந்து கொடுங்கள். திருகு போடும் துளையையும் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிக் குறியுங்கள்.